மாலை வகுப்பறையைத் திறந்து வையுங்கள்

மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், எங்கள் பகுதி அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் வந்தபோது வகுப்பறை பூட்டியிருந்தது. "இனிமே வெளியாட்களுக்கு அனுமதி இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார் காவலாளி. உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். எழுத்தில் ஒன்றும் வரவில்லை, வாய்வார்த்தைதான் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டுப் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றார்கள். அதில் ஒருத்தி இடுப்பில் தம்பியை வைத்திருந்தாள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் நின்ற அந்தப் பத்து நிமிடம்தான் இந்த மடலை எழுத வைத்தது.

நாங்கள் ஐந்து பேர். நான் பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மற்றவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, இரண்டு பேர் கல்லூரி மாணவிகள், ஒருவர் பீகாரிலிருந்து வந்து பத்து வருடமாகத் தையல் வேலை செய்பவர். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. வேலை தேடி வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அன்றன்று பள்ளியில் நடந்த பாடத்தைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறோம். நான்கு வருடமாக இதுதான் எங்கள் வேலை.

இதை நாங்களாகக் கிளப்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களை அழைத்தபோது பெயர் கொடுத்தவள் நான். பெருந்தொற்றில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட மாலையில் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். என்னிடம் வந்த பிள்ளைகளோடு, பக்கத்து லைன் வீடுகளில் இருந்த ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். முதலில் வேடிக்கைதான் பார்த்தார்கள். அப்புறம் நோட்டு கேட்டார்கள். அன்று எங்களை அழைத்தது அரசு. இன்று நாங்கள் எப்படி வெளியாட்கள் ஆனோம்?

வகுப்பறையைப் பூட்டியதற்குக் காரணமாக இரண்டு விஷயம் என் காதுக்கு வந்தது. ஒன்று, பள்ளி வளாகத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பது. இது நியாயமான கேள்வி. இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். எங்கள் ஐவரின் அடையாள அட்டை நகல்களைத் தருகிறோம். காவல்துறைச் சரிபார்ப்புக்கு வருகிறோம். யார் வந்தார்கள், யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று பதிவேடு வைக்கிறோம். ஏற்கெனவே ஒரு நோட்டில் அப்படித்தான் எழுதி வருகிறோம். பெண் தன்னார்வலர் இல்லாத நாளில் வகுப்பு நடத்துவதில்லை என்பதும் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதி. இதற்கு மேல் என்ன வேண்டுமோ சொல்லுங்கள், செய்கிறோம்.

இரண்டாவது காரணம் எனக்கு வலித்தது. "நம்ம பிள்ளைங்களுக்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல, வடநாட்டுக்காரங்களுக்கு எதுக்குத் தனியா?" என்று குழுக் கூட்டத்தில் பேசப்பட்டதாம். பேசியவர்களும் பெற்றோர்தான். அவர்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒருநாளாவது வந்து பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். வாசலில் நின்ற பதினெட்டுப் பேரில் ஏழு பேர் இந்த ஊர்ப் பிள்ளைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்கள். கதவைப் பூட்டியதில் அவர்களும்தான் வெளியே நின்றார்கள்.

சரி, இந்த இரண்டு மணி நேரத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பீகாரிலிருந்து வந்த ஒரு பையன். பெயரை எழுதவில்லை. வகுப்பில் ஆசிரியர் எண்களைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுத வேண்டும். "தொள்ளாயிரத்து நாற்பது" என்றார். இவன் 1040 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெரிய தப்புக்குறி. அடுத்த கணக்கும் தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. "கணக்கே வராது" என்று அவனைப் பற்றி ஒரு முடிவு வந்துவிட்டது. சாயங்காலம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவனிடம் வாயால் படிக்கச் சொன்னேன். "தொள்... ஆயிரம்" என்று நிறுத்தினான். அவன் காதில் விழுந்தது ஆயிரம். அதனால் ஆயிரம் எழுதினான். தமிழில் 900-ஐச் சொல்லும்போது ஆயிரம் என்ற சொல் உள்ளே ஒளிந்திருக்கிறது, 90-ஐச் சொல்லும்போது நூறு ஒளிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து தமிழ் கேட்ட நமக்கு அது தெரிவதே இல்லை. அன்றைக்கு இரவு வகுப்பு முடிவதற்குள் தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டையும் பிடித்துக்கொண்டான். அப்புறம் அவனைக் கவனித்தேன். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் உதடு மட்டும் அசையும், "ஸாத் அட்டே சப்பன்" என்று இந்தியில் முணுமுணுப்பு, உடனே 56 என்று எழுதுவான். வாய்ப்பாடு முழுக்க அவனுக்கு மனப்பாடம். கணக்கு வராத பையன் இல்லை அவன். கணக்கைத் தமிழில் கேட்டதுதான் அவனுக்குப் புரியவில்லை.

அவனேதான் ஒருநாள் "நான் பல்லிக்குப் போறேன்" என்று சொல்லி வகுப்பே சிரித்தது. இந்தியில் 'ள' கிடையாது. நாக்கு அங்கே போய்ப் பழகவில்லை. சிரித்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரம் அவன் பள்ளியில் வாயே திறக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்காரும் ஒடிசாப் பெண் 'பள்ளி' என்று அழகாகச் சொல்வாள், ஏனென்றால் ஒடிய மொழியில் அந்த ஒலி உண்டு. அவளுக்குத் தகராறு வேறிடத்தில். கொடி, கோடி இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். குறில் எ, ஒ என்று தனியாக ஓர் எழுத்து இருப்பதே அவளுக்குப் புதுச் செய்தி. இருவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க' எழுதிவிட்டு ஏன் மூன்று விதமாகப் படிக்கிறோம்? அவர்கள் எழுத்துகளில் க-வுக்கு மட்டும் நான்கு வடிவம். இதையெல்லாம் நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் தனித்தனியாகக் கவனிப்பது கஷ்டம். ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சாயங்கால வகுப்பு எதற்கு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகளை எல்லோரும் 'இந்திக்காரப் பிள்ளைகள்' என்கிறோம். அந்தப் பெண்ணின் மொழி ஒடிய மொழி. பையன் வீட்டில் பேசுவது போஜ்புரி, இந்தி அவனுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. ஆக, தமிழ் அவனுக்கு மூன்றாவது. எட்டு, ஒன்பது வயதில் மூன்றாவது மொழியில் அறிவியல் பாடம் எழுதுகிற குழந்தையை மந்தம் என்று சொல்ல நமக்கு மனசு எப்படி வருகிறது?

"நல்லாத் தமிழ் பேசறானே, படிக்கத்தான் மாட்டேங்கறான்" என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கிறேன். விளையாட்டுத் திடலில் ஆறு மாதத்தில் தமிழ் வந்துவிடும். "அக்கா, தண்ணி குடிச்சிட்டு வரட்டா?" என்று கேட்கிற குழந்தை, பாடப்புத்தகத்தில் "நீர் அருந்தினான்" என்பதைப் பார்த்து முழிக்கிறது. நம் பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் நடுவில் இருக்கும் தூரம் நம் பிள்ளைகளுக்கே பெரிது. கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். புதிதாக வந்த பிள்ளைக்கு அன்றாடப் பேச்சு இரண்டு வருடத்துக்குள் கைவந்துவிடும், ஆனால் பாடமொழியில் கூடப் படிக்கிறவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம் என்பது அவர் கண்டது. நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். என் நோட்டில் அதற்கு முன்பே அது இருந்தது.

இனி நான் சொல்லப்போவது சாயங்கால வகுப்பைத் தாண்டியது.

பதினொரு வயதுப் பையன் ஒருவனைப் போன வருடம் முதல் வகுப்பில் சேர்த்தார்கள். தமிழ் தெரியாது, அதனால் முதல் வகுப்பு. ஊரில் நான்காம் வகுப்பு வரை படித்தவன், மூன்று இலக்க வகுத்தல் கணக்குப் போடுகிறவன். அவனை ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். முழங்கால் மேசைக்கு அடியில் நுழையாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதம் வந்தான். அப்புறம் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா அப்பா இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள், இரண்டு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். அது நிஜம்தான். ஆனால் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இன்னொன்று: "தீதி (அக்கா), அங்கே எல்லாரும் குட்டிப் பசங்க."

அவனுக்கு நடந்தது சட்டத்துக்கு விரோதம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 4, இப்படிப்பட்ட குழந்தையை வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சமமாக வரும்வரை சிறப்புப் பயிற்சி பெறுவது அவன் உரிமை என்கிறது. அந்தப் பயிற்சி குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டு வருடம் வரை என்று மத்திய அரசின் 2010 மாதிரி விதிகள் வரையறுக்கின்றன. பயிற்சியைப் பள்ளி வளாகத்திலேயே நடத்தலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எந்த வளாகத்தை எங்களுக்குப் பூட்டினீர்களோ அதே வளாகம்.

மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் என் நோட்டில் மட்டும் ஒன்பது பேர். ஒரு அப்பா பீகாரில் இருக்கும் பழைய பள்ளிக்கு எத்தனை தடவை போன் போட்டார் என்று எனக்குத் தெரியும், என் எதிரில்தான் போட்டார். நேரில் வந்து வாங்கிக்கொள் என்றார்கள். போக வர ஒரு வாரச் சம்பளம் போகும். அவர் போகவில்லை, பையன் அந்த வருடம் முழுக்க எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. இதே சட்டத்தின் பிரிவு 5, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது பிரிவு 14. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு உண்டு என்பதைப் பிரிவு 9 பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஒன்பது பிள்ளைகளுக்காக அலைந்து அலைந்து இந்தப் பிரிவு எண்கள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

செங்கல் சூளைக்கு வரும் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கமிருந்து மழைக்காலம் முடிந்து வருவார்கள், கோடை முடியும்போது திரும்புவார்கள். நம் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை வருகிறபோது இங்கே அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும், போகிறபோது அங்கே பள்ளி திறந்துவிட்டிருக்கும். இரண்டு பக்கமும் பாதி. இது இரண்டு மாநிலக் கல்வித் துறைகள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், ஒரு பள்ளியால் தீராது. ஆனால் பேச்சை யாராவது ஆரம்பிக்க வேண்டும் அல்லவா?

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எங்களை மாதிரித் தன்னார்வலர்கள் இருப்பதைக் காட்டி, "அந்தப் பிள்ளைகளுக்குத்தான் சாயங்காலம் வகுப்பு நடக்கிறதே" என்று துறை தன் கடமையைக் கணக்குத் தீர்த்துவிடக் கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பு இல்லை. கல்லூரி மாணவிகளுக்குத் தேர்வு வந்தால் வகுப்பு இல்லை. ஒரு குழந்தையின் உரிமை என் உடம்பு நன்றாக இருப்பதை நம்பி இருக்கலாமா? நாங்கள் வீட்டுப்பாடத்தில் கை கொடுப்பவர்கள். சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டியது நீங்கள். இரண்டும் வேண்டும். இப்போது உங்கள் பங்கு தொடங்கவே இல்லை, எங்கள் பங்குக்கும் பூட்டு விழுந்திருக்கிறது.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. பக்கத்து மாநிலத்தில் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் 'ரோஷ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிமாநிலப் பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்தவர்களைக் கல்வித் தன்னார்வலர்களாக நியமித்து, பள்ளி தொடங்குவதற்கு முன்னால் தனி நேரம் ஒதுக்கி, அவர்கள் மொழி வழியாகவே மலையாளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நம்மிடமும் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார். எங்கள் குழுவில் இருக்கும் தையல்காரர்தான் அவர். பையன் முணுமுணுத்தது வாய்ப்பாடு என்று எனக்குச் சொன்னதே அவர்தான். அவரையும் சேர்த்துத்தான் காவலாளி வெளியே நிறுத்தினார்.

மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் நம் ஆட்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் நம்மவர்களின் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளிகள் சும்மா வந்துவிடவில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-இல் அங்கே தொழிலாளர் சட்டம் எழுத வேண்டியிருந்தது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. பிழைக்கப் போன தமிழரின் பிள்ளைகளுக்கு இன்னொரு ஊர் கொடுத்த வகுப்பறை அது. இந்தப் பிள்ளைகள் நம்மிடம் இந்திவழிப் பள்ளிகூடக் கேட்கவில்லை. தமிழ் கற்றுக்கொடுங்கள் என்றுதான் வந்து நிற்கிறார்கள். தமிழ் படிக்க வந்த குழந்தையை வாசலில் நிறுத்துவது நமக்கு அழகா?

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலில், வகுப்பறை. வரும் திங்கள்கிழமையிலிருந்து மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை ஓர் அறையை எங்களுக்கு மறுபடி திறந்துவிடுங்கள். பாதுகாப்புக்கு நீங்கள் விதிக்கும் நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். மறுப்பதாக இருந்தால் அந்த மறுப்பும், அதற்கான காரணமும், கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும்.

பதிவேட்டில் பெயர் இல்லாத ஒன்பது பிள்ளைகளையும் இந்த மாதத்துக்குள் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, துறையின் மாணவர் பதிவுக்கான எமிஸ் எண் கொடுங்கள். சான்றிதழ்கள் வருகிறபோது வரட்டும். பட்டியல் என்னிடம் இருக்கிறது, நானே கொண்டுவந்து தருகிறேன். பதினொரு வயதுப் பையன் விஷயத்தில் தலைமையாசிரியர் அவர்களே அவன் வீட்டுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் போய்க் கூப்பிட்டால் அக்கா கூப்பிட்டதாக இருக்கும். நீங்கள் வந்து, "ஆறாம் வகுப்பில் உனக்கு இடம் இருக்கிறது" என்று சொன்னால் பள்ளிக்கூடமே கூப்பிட்டதாக இருக்கும். தங்கையைப் பகலில் அங்கன்வாடியில் சேர்க்க நான் பேசி வைத்திருக்கிறேன்.

மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, வெளிமாநிலப் பிள்ளைகள் அதிகமாக உள்ள பள்ளிகளில் சட்டம் சொல்லும் சிறப்புப் பயிற்சியைத் தொடங்குங்கள். இந்தியோ ஒடிய மொழியோ தெரிந்த ஒருவரைத் தொகுப்பூதியத்திலாவது அதற்கு அமர்த்துங்கள். எங்கள் தையல்காரரைப் போன்றவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். சேர்ந்த முதல் வருடத்தில் கணக்கு, அறிவியல் தேர்வுக் கேள்விகளை அந்தப் பிள்ளைகளுக்கு வாயால் விளக்கிச் சொல்ல ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

மேலாண்மைக் குழுவில் வெளிமாநிலப் பெற்றோர் ஒருவரையாவது உறுப்பினராக்குங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர்களும் பெற்றோர்தான். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அவர்களால் வர முடியும்.

பதிலுக்காகத் திங்கள் மாலை வரை காத்திருக்கிறோம். அன்று ஐந்து மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் பிள்ளைகளோடு பள்ளி வாசலில் இருப்போம். அறை திறந்திருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் அந்தப் படிக்கட்டிலேயே, விட்ட இடத்திலிருந்து பாடம் நடக்கும்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தன்னார்வலர்கள் சார்பில்,
பிள்ளைகள் முதலில் 'தீதி' என்றும் இப்போது 'அக்கா' என்றும் கூப்பிடும் ஒருத்தி